ஏட்டில் ஏறும் பெயர்

நுழையும்முன்

பிறந்த குழந்தைக்குப் பெயரிடுவது வீட்டின் மகிழ்ச்சி. அப்பிறப்பைப் பதிவு செய்வது சட்டத்தின் கடமை. இவ்விரண்டும் சில நாள் இடைவெளியில் நிகழ்கின்றன. வீட்டார் தொட்டிலிட்டு அழைக்கும் பெயரும் பதிவேட்டில் எழுதப்படும் பெயரும் ஒன்றாக இருந்தால், அக்குழந்தையின் பள்ளி, பணி, பயணம் அனைத்தும் இடரின்றி அமையும். வேறுபட்டால், அதன் சுமையைப் பெற்றோரைவிடக் குழந்தையே நெடுங்காலம் சுமக்க நேரிடும். பிறப்புப் பதிவின் முறைகளையும், தமிழரின் முன்னெழுத்து வழக்கத்தையும், அவை ஒன்றோடொன்று சந்திக்கும் இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பல மொழியினர் வாழும் நகரியம்

கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி, பழுப்பு நிலக்கரியால் உருவான நகரம். 1956ஆம் ஆண்டு நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் பணியாற்ற வந்தோருக்காக மரங்கள் சூழ்ந்த நகரியம் ஒன்று திட்டமிட்டுக் கட்டப்பட்டது. அதன் பகுதிகள் ‘வட்டம்’ எனப்படும். ஒவ்வொரு வட்டத்திற்கும் ஓர் எண் உண்டு.

சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்தும் தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்தும் மட்டுமன்றி, ஆந்திரம், கேரளம் முதலிய மாநிலங்களிலிருந்தும் மக்கள் இங்கு வந்து குடியேறினர். ஆதலால் ஒரே தெருவில் பெயரிடும் முறைகள் பல. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையின் பெயருக்கு முன் நிற்கும் எழுத்து தந்தையின் பெயரைக் குறிக்கும். அடுத்த வீட்டுத் தெலுங்குக் குடும்பத்தில் அதே எழுத்து, தலைமுறை தலைமுறையாக வரும் வீட்டுப் பெயரைக் குறிக்கும். எதிர்வீட்டு மலையாளக் குடும்பத்தில் அது தறவாட்டின் பெயராகவோ பெற்றோர் ஒருவரின் பெயராகவோ இருக்கலாம். வடமாநிலக் குடும்பத்தில் முன்னெழுத்தே இராது; பெயருக்குப் பின்னால் குடும்பப்பெயர் நிற்கும். பள்ளி வருகைப்பதிவேட்டில் இவை அனைத்தும் ஒன்றுபோலத் தோன்றினும் பொருளால் வேறுபட்டவை. பெயரின் உறுப்புகளைப் பற்றிச் சிந்திக்க நெய்வேலி பொருத்தமான இடமாவது இதனால்தான்.

பிறந்த நாள் தெரியாத தலைமுறை

இந்தியாவில் பிறப்புப் பதிவு புதியதன்று. சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டிலேயே பிறப்பு இறப்புப் பதிவுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் சிற்றூர்களில் நிகழ்ந்த பிறப்புகள் பல ஏட்டில் ஏறாமலே போயின. ‘பெரிய புயல் அடித்த ஆண்டு’, ‘ஏரி உடைந்த ஐப்பசி’ என்று நினைவை வைத்தே வயதைக் கணக்கிட்டனர்.

குழந்தையைப் பள்ளியில் சேர்க்க வரும்போது, வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுசென்று இடக்காதைத் தொடச் செய்வர். தொட்டுவிட்டால் ஐந்து வயது நிரம்பியதாகக் கொண்டு, தலைமையாசிரியரே ஒரு நாளைக் குறித்து எழுதிக்கொள்வார். நம் தாத்தா, பாட்டியர் பலருக்குச் சான்றிதழில் ஒரு பிறந்த நாளும் சாதகத்தில் வேறொரு பிறந்த நாளும் இருப்பதன் காரணம் இதுவே.

நாடு முழுமைக்கும் பொதுவான முறை, 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தால் வந்தது. பிறப்பைப் பதிவு செய்தல் விருப்பம் அன்று, கடமை என அச்சட்டம் வரையறுத்தது. ஐக்கிய நாடுகள் அவை 1989ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் ஏழாம் பிரிவு, பிறந்தவுடன் பதிவு செய்யப்படுவதையும் பெயர் பெறுவதையும் குழந்தையின் உரிமைகள் என்கிறது. இந்தியா 1992ஆம் ஆண்டு அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. பெற்றோருக்கும் மருத்துவமனைக்கும் கடமையாக இருப்பது, குழந்தையின் பக்கமிருந்து நோக்கினால் உரிமையாகிறது.

இருபத்தொரு நாள்கள்

பிறப்பு நிகழ்ந்த 21 நாள்களுக்குள் அதனைப் பதிவாளரிடம் தெரிவித்தல் வேண்டும். யார் தெரிவிப்பது என்பதையும் சட்டம் வகுத்துள்ளது. மருத்துவமனையில் பிறந்தால் அதன் பொறுப்பு மருத்துவ அலுவலர் அல்லது அவரால் அதிகாரமளிக்கப்பட்டவர் தெரிவிப்பார். வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவரோ நெருங்கிய உறவினரோ தெரிவிக்க வேண்டும். கைவிடப்பட்ட பச்சிளங்குழந்தை கண்டெடுக்கப்பட்டால், ஊர்த்தலைவர் அல்லது காவல் நிலையப் பொறுப்பு அலுவலர் அதன் பொருட்டுத் தகவல் தருவார். பெற்றோர் இன்னார் என அறியப்படாத குழந்தையும் ஏட்டுக்கு வெளியே நிற்கக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

உரிய காலத்தில் பதிவு செய்தால் சான்றிதழ் கட்டணமின்றிக் கிடைக்கும். 21 நாள்களுக்குப் பின் 30 நாள்களுக்குள் எனில் தாமதக் கட்டணம் செலுத்த வேண்டும். 30 நாள்களுக்கு மேல் ஓராண்டுக்குள் எனில் உரிய அலுவலரின் எழுத்துவழி அனுமதி தேவை. ஓராண்டு கடந்துவிட்டால், நடுவர் அதிகாரம் பெற்ற அலுவலர் ஒருவர் உண்மையை ஆராய்ந்து ஆணையிட்ட பின்னரே பதிவு செய்ய இயலும். நாள் ஏற ஏற வழி நீள்கிறது. ஆயினும் எந்நிலையிலும் வழி அடைபடுவதில்லை.

பிறப்பு எங்கு நிகழ்ந்ததோ அங்குதான் பதிவு செய்யப்படும் என்பது பலர் அறியாத செய்தி. நம் நாட்டில் தலைப்பிரசவத்திற்குப் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அழைத்துச் செல்வது வழக்கம். நெய்வேலியில் குடியிருக்கும் பெண், தாய்வீடு இருக்கும் விருத்தாசலத்து மருத்துவமனையில் குழந்தையைப் பெற்றெடுத்தால், அக்குழந்தையின் பிறப்பு விருத்தாசலத்திலேயே பதிவாகும். சான்றிதழில் பிறந்த இடம் விருத்தாசலம் என்றும், பெற்றோரின் நிலையான முகவரி நெய்வேலி என்றும் இடம்பெறும். பின்னாளில் சான்றிதழைத் தேடுவோர், வாழ்ந்த ஊரில் தேடாமல் பிறந்த ஊரில் தேட வேண்டும்.

பதிவுக்கான படிவத்தில் இரண்டு பகுதிகள் உள்ளன. முதலாவது, சட்டப் பகுதி. பிறந்த நாள், பாலினம், குழந்தையின் பெயர், தாய் தந்தையர் பெயர், பிறந்த இடம் ஆகியன இதில் இடம்பெறும். சான்றிதழில் அச்சாவது இப்பகுதியே. இரண்டாவது, புள்ளிவிவரப் பகுதி. தாயின் வயது, கல்வி, குழந்தையின் எடை முதலியன இதில் கேட்கப்படும். தடுப்பூசி முதல் பள்ளி வகுப்பறைகளின் எண்ணிக்கை வரை அரசு திட்டமிடுவதற்கு இத்தகைய எண்களே அடிப்படை.

வெற்றிடமாக நிற்கும் பெயர்

மருத்துவமனை தகவல் அனுப்பும் நேரத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பெயர் முடிவாகியிராது. பதினோராம் நாளிலோ முப்பதாம் நாளிலோ பெயர் சூட்டுவது பல குடும்பங்களின் வழக்கம். சட்டம் இதனை அறிந்தே வகுக்கப்பட்டுள்ளது. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்யலாம். பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின், தாமதக் கட்டணம் செலுத்தி 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம்.

பெயரில்லாச் சான்றிதழை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு மறந்த குடும்பங்கள் பல. வீட்டில் எல்லாரும் பெயர் சொல்லி அழைப்பதால், ஏட்டில் அப்பெயர் இல்லை என்பது எவர் நினைவுக்கும் வருவதில்லை. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் அவ்வெற்றிடம் கண்ணில் படுகிறது. பதினைந்து ஆண்டு என்னும் வரம்பு, ஏறத்தாழப் பதினோராம் வகுப்பில் சேரும் வயதில் முடிகிறது என்பது மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டியது.

2023ஆம் ஆண்டு இச்சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசுப் பணி முதலியவற்றிற்குப் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் சான்று பிறப்புச் சான்றிதழே. முன்பு பள்ளிச் சான்றிதழ் ஈடுசெய்த இடத்தை இனி அது ஈடுசெய்ய இயலாது. எனவே முதல் ஏட்டில் எழுதப்படுவது பிழையின்றி இருத்தல் முன்னினும் இன்றியமையாததாகிறது.

தமிழர் பெயரும் தந்தை பெயரும்

குழந்தையின் பெயரை எழுதியபின், அதற்கு முன்னோ பின்னோ எழுத வேண்டிய மற்றொரு பெயர் எது என்னும் வினா எழுகிறது. பிற நாட்டார் இதனைக் குடும்பப்பெயர் என்பர். தமிழருள் பெரும்பாலோர்க்கு அத்தகைய பெயர் இல்லை, முன்னெழுத்தே உண்டு.

தந்தை பெயரோடு சேர்த்து ஒருவரைச் சுட்டுவது தமிழில் தொன்மையான வழக்கம். சங்கப் புலவர் ஒருவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் எனப்படுகிறார். இப்பெயரில் ஊரும் தந்தையும் மகனும் ஒருசேர நிற்கின்றனர். ஒக்கூர் மாசாத்தியார் தம் ஊராலும், கணியன் பூங்குன்றனார் தொழிலாலும் ஊராலும் அறியப்பட்டனர். பிள்ளையின் பெயரால் தந்தை அறியப்பட்டதும் உண்டு. ஆதன் என்னும் பெயரோடு தந்தை என்னும் முறைப்பெயர் சேர்ந்தால் ‘ஆந்தை’ என்றும், பூதனோடு சேர்ந்தால் ‘பூந்தை’ என்றும் ஆகும் எனத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் விதி கூறுகிறது. பிசிராந்தையார் என்னும் பெயரில் இவ்வாந்தையைக் காண்கிறோம்.

மகனின் மகனைப் ‘பேரன்’ என்கிறோம். இச்சொல் ‘பெயரன்’ என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். பெயர் தலைமுறைகளை இணைக்கும் கயிறு என்பதனை இவ்வுறவுச் சொல்லே காட்டுகிறது.

இக்காலத்து முன்னெழுத்தும் இம்மரபின் தொடர்ச்சியே. உ.வே. சாமிநாதர் என்பதில் முதலெழுத்து உத்தமதானபுரம் என்னும் ஊரையும், அடுத்த எழுத்து வேங்கடசுப்பையர் என்னும் தந்தையையும் குறிக்கும். திரு.வி.க. என்பது திருவாரூர் விருத்தாசலம் கலியாணசுந்தரம் என்பதன் சுருக்கம். மு.வ. என்பதில் மு என்பது தந்தை முனுசாமியைக் குறிக்கும்.

ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் எழுதும் வழக்கம் பரவலாக இருந்தது. 1929ஆம் ஆண்டு செங்கல்பட்டில் நடைபெற்ற சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டும் எனத் தீர்மானித்தது. பெரியாரும் தம் பெயரின் பின்னிருந்த பட்டத்தை விட்டார். காலப்போக்கில் அவ்வழக்கம் தமிழ்நாட்டில் பெரிதும் குறைந்து, முன்னெழுத்தும் பெயரும் மட்டுமே எஞ்சின. பெயரைக் கேட்டதும் சாதி தெரியாதிருத்தல் தற்செயலாக வந்ததன்று, போராடிப் பெற்றது. குழந்தைக்குக் குடும்பப்பெயர் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் நன்று.

படிவம் கேட்கும் பெயர்

உலகின் படிவங்கள் பலவும் குடும்பப்பெயர் உண்டு என்னும் எண்ணத்தில் அமைக்கப்பட்டவை. சில நாடுகள் சட்டத்தாலேயே அதனைக் கொண்டுவந்தன. தாய்லாந்து 1913ஆம் ஆண்டும், துருக்கி 1934ஆம் ஆண்டும் மக்கள் அனைவரும் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளச் சட்டம் இயற்றின. ஐசுலாந்து நாட்டிலோ இன்றும் பெரும்பாலோர் தந்தையின் பெயரோடு மகன் அல்லது மகள் என்னும் பொருளுடைய சொல்லைச் சேர்த்துக்கொள்கின்றனர்; தாயின் பெயரைச் சேர்ப்போரும் உண்டு. அங்கு அண்ணனுக்கும் தங்கைக்கும் பின்பெயர் வேறுபடும். அதனை எவரும் குறையாகக் கருதுவதில்லை. மலேசியத் தமிழரின் ஆவணங்களில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையே, இன்னாரின் மகன் அல்லது மகள் என்னும் பொருள்தரும் மலாய்ச் சுருக்கம் இடம்பெறுவதுண்டு.

தமிழரின் முன்னெழுத்துக்குக் கடவுச்சீட்டில் இடமில்லை. அதனை விரித்தே எழுத வேண்டும். வருமான வரித் துறையின் நிரந்தரக் கணக்கு எண் அட்டைக்கும் இது பொருந்தும். முருகன் என்பவரின் மகள் கயல்விழி எனக் கொள்வோம். பள்ளியில் அவர் மு. கயல்விழி. கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் முருகன் என எழுதினால், வெளிநாட்டு அலுவலகத்தில் அவரை ‘முருகன்’ என்றே அழைப்பர். அவருடைய தாயின் ஆவணத்தில் அக்கட்டத்தில் தாத்தாவின் பெயர் இருக்கும். ஒரே குடும்பத்தில் மூவருக்கு மூன்று குடும்பப்பெயர்கள் அமையும். இது பிழையன்று, ஆனால் அடிக்கடி விளக்கம் தர வேண்டிய நிலையை உண்டாக்கும்.

திருமணத்திற்குப் பின் முன்னெழுத்தை மாற்றிக்கொள்ளும் பெண்களுக்கு இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. பள்ளிச் சான்றிதழில் தந்தையின் எழுத்து. ஆதார் அட்டையில் கணவரின் எழுத்து. குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தாய் பெயரை எப்படி எழுதுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், தாயும் பிள்ளையும் ஆவணங்களில் உறவற்றவராகத் தோன்றக்கூடும்.

தாயின் பெயர்

முன்னெழுத்து தந்தையுடையதாகத்தான் இருக்க வேண்டுமா? தாயின் பெயரையோ, தாய் தந்தை இருவரின் பெயர்களையுமோ முன்னெழுத்தாகக் கொள்ளும் குடும்பங்கள் இன்று பெருகி வருகின்றன. சட்டமும் இத்திசையில் நகர்ந்துள்ளது. மணமாகாத தாய் தன் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் கோரினால், உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைப் பெற்றுக்கொண்டு சான்றிதழ் வழங்க வேண்டும் என 2015ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தந்தை இன்னார் என வெளியிடுமாறு தாயை வற்புறுத்த வேண்டியதில்லை என்பதும் அத்தீர்ப்பின் சாரம்.

2022ஆம் ஆண்டு மற்றொரு வழக்கு அந்நீதிமன்றத்தின் முன் வந்தது. கணவரை இழந்து மறுமணம் செய்துகொண்ட தாய் ஒருவர், குழந்தைக்குப் புதிய குடும்பத்தின் பெயரை வைத்தார். குழந்தையின் தந்தைவழித் தாத்தா, பாட்டி இதனை எதிர்த்தனர். தந்தை மறைந்தபின் இயற்கைக் காப்பாளர் தாய் ஒருவரே ஆதலின், குழந்தையின் குடும்பப்பெயரை முடிவு செய்யும் உரிமை அவருக்குண்டு என நீதிமன்றம் கூறியது. குடும்பப்பெயர் குருதிவழியை மட்டும் காட்டுவதன்று. வளரும் வீட்டில் தானும் ஒருவர் என்னும் உணர்வைக் குழந்தைக்குத் தருவது என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள்.

எழுதுமுன் எண்ணுக

பெயரைப் பதிவு செய்யுமுன் பெற்றோர் கருத வேண்டியவை சில. மருத்துவமனையில் தரும் படிவத்தைத் தாமே படித்துச் சரிபார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும். தாய் தந்தையர் பெயர்கள் அவர்தம் பிற ஆவணங்களில் உள்ளவாறே அமைய வேண்டும். முன்னெழுத்தின் விரிவை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒருமுறை தீர்மானித்துவிட்டு எல்லா இடத்தும் அதனையே பின்பற்ற வேண்டும். கயல்விழியின் ழகரத்தை ஓரிடத்தில் ஒரு விதமாகவும் வேறிடத்தில் வேறு விதமாகவும் எழுதினால், கணினி அவரை இருவராகவே கருதும்.

தமிழில் எழுதும்போது முன்னெழுத்தும் தமிழாகவே இருத்தல் வேண்டும். கண்ணனின் மகள் மலர், க. மலர் ஆவாரேயன்றி, கே. மலர் ஆகார். ஆங்கில எழுத்தின் ஒலியைத் தமிழில் எழுதினால், அவ்வெழுத்துத் தந்தையின் பெயரைச் சுட்டாமல் போகும். தமிழ்நாடு அரசும் 2021ஆம் ஆண்டு தமிழ் முன்னெழுத்தைப் பின்பற்ற ஆணையிட்டுள்ளது.

பிழை நேர்ந்துவிட்டால் திருத்த இயலும். ஆனால் பதிவேட்டில் எழுதியதை அழித்தல் கூடாது. மூலப் பதிவு அவ்வாறே இருக்க, பதிவாளர் அதன் ஓரத்தில் திருத்தத்தைக் குறித்து, நாளிட்டுக் கையொப்பமிடுவார். பின்னால் பார்ப்பவர் முதலில் எழுதப்பட்டது எது, திருத்தப்பட்டது எது என இரண்டையும் அறியலாம்.

ஏட்டில் இல்லாத குழந்தை

பதிவு செய்யப்படாத குழந்தை இழப்பது ஒரு தாளை மட்டுமன்று. பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் செய்வதைச் சட்டம் தடுக்கிறது. பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதையும் தடுக்கிறது. இச்சட்டங்கள் காவல் செய்ய வேண்டுமெனில், அக்குழந்தையின் வயது ஐயமின்றித் தெரிய வேண்டும். வயதை மெய்ப்பிக்க இயலாத சிறுமியை ‘வளர்ந்தவள்’ என்று சொல்லிவிடுவது எளிது. பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் செல்லும் தொழிலாளரின் குழந்தைகளுக்கே இவ்விடர் மிகுதி. செங்கற்சூளையின் ஓரத்துக் குடிசையில் பிறக்கும் குழந்தைக்கும், நகரிய மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கும் பதிவேட்டில் ஒரே அளவு இடமே ஒதுக்கப்பட்டுள்ளது. அவ்விடம் நிரப்பப்படுவதை உறுதிசெய்வதில் பெற்றோர்க்கு மட்டுமன்றி, எழுதப் படிக்கத் தெரிந்த அண்டை வீட்டார்க்கும் பொறுப்புண்டு.

பெயரைத் தருபவர் பெற்றோர்; அதனைச் சுமந்து வாழ்பவர் பிள்ளை. தாத்தாவின் பெயரோ, புதிய பெயரோ, முன்னெழுத்து தந்தையுடையதோ தாயுடையதோ, எதுவாயினும் அது எண்ணித் தேர்ந்ததாகவும் பிழையின்றி எழுதப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். தன் பெயரைத் தானே எழுதக் கற்கும் நாளில், அப்பெயர் ஏட்டிலும் அவ்வாறே இருப்பதைக் காணும் உரிமை ஒவ்வொரு குழந்தைக்கும் உண்டு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பிறப்புச் சான்றிதழில் பெயர் இடம்பெற்றுள்ளதா, பள்ளிச் சான்றிதழோடு ஒத்துள்ளதா எனச் சரிபார்க்க.
2. உங்கள் வகுப்பு மாணவர்களின் முன்னெழுத்துகள் எவற்றைக் குறிக்கின்றன எனக் கேட்டறிந்து, ஊர், தந்தை, தாய், வீட்டுப்பெயர் என வகைப்படுத்துக.
3. உங்கள் வீட்டு முதியோர் ஒருவரின் பிறந்த நாள் எவ்வாறு குறிக்கப்பட்டது என்பதை அவரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
4. ‘முன்னெழுத்தில் தாயின் பெயர்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.